‘காசு’தான் ‘கேஷ்’ ஆனதா?

ஜூன் 3, வாசகர் கேள்வி

கைப்பேசியில் ஒரு பட்டியல் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒன்று–ஒன், எட்டு–எய்ட், கொல்–கில், காசு–கேஷ் என்று வரிசையாகப் போகிறது. எல்லாம் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனவையாம். எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் அதை வைத்துப் பேச்சுப் போட்டிக்கு எழுதிவிட்டாள். அவளுடைய ஆசிரியை ‘காசு–கேஷ்’ தவறு, அது லத்தீன் சொல் என்று அடித்துவிட்டார். என் அண்ணனோ ஆங்கில அகராதியிலேயே தமிழ் என்று போட்டிருக்கிறது என்கிறார். போட்டி ஜூலை 5ஆம் தேதி. யார் சொல்வது சரி?

ஜூன் 3, இரவு

இருவரும் சரி. ஆங்கிலத்தில் ‘கேஷ்’ ஒன்றல்ல, இரண்டு. எழுத்தும் ஒன்று, உச்சரிப்பும் ஒன்று. பிறந்த ஊர்தான் வேறு.

கடையில் ‘கேஷா, கார்டா?’ என்று கேட்கிறார்களே, அந்தக் கேஷ் ஆசிரியை சொன்னதுதான். லத்தீனில் ‘காப்ஸா’ என்றால் பெட்டி. அது இத்தாலியில் ‘காஸ்ஸா’, பிரான்சில் ‘கெஸ்’ என்று உருமாறி, பணப்பெட்டியைக் குறித்து, 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. முதலில் பெட்டிக்குப் பெயர், பிறகு பெட்டிக்குள் கிடப்பதற்கே பெயர். நம் கடைக்காரர் ‘இன்றைக்குக் கல்லா எவ்வளவு?’ என்று கேட்கும்போது பெட்டியையா கேட்கிறார்? அதே போக்கு.

அண்ணன் பார்த்தது இரண்டாவது கேஷ். தென்னிந்தியாவிலும் சீனாவிலும் புழங்கிய சிறிய மதிப்புள்ள நாணயத்தின் பெயர் அது. போர்ச்சுகீசியர் நம் ‘காசு’ என்ற சொல்லைக் கேட்டார்கள். அவர்களிடம் பெட்டிக்கு ஏற்கெனவே ‘கைஷா’ என்று ஒரு சொல் இருந்தது, அதுவும் லத்தீன் ‘காப்ஸா’வின் பிள்ளை. நம் காசையும் அதே அச்சில் வார்த்துக் ‘கைஷா’ என்றே எழுதினார்கள். அவர்களிடமிருந்து வாங்கிய ஆங்கிலேயர் ‘கேஷ்’ என்றார்கள். ஆக, பெட்டியின் பெயரும் நாணயத்தின் பெயரும் ஒரே உருவத்தில் ஆங்கிலத்தில் வந்து நின்றன. நடுவில் துளையிட்ட பழைய சீன நாணயத்தை ஆங்கிலேயர் ‘கேஷ்’ என்று எழுதினால் அது நம் காசு. வங்கியில் எழுதினால் பெட்டி.

ஜூன் 4, காலை

நேற்று எழுதியது போதவில்லை. பேச்சுப் போட்டிக்குக் கையில் பிடிக்கும்படி ஒன்று வேண்டும்.

என் மேசை இழுப்பறையில் ஒரு செம்பு நாணயம் இருக்கிறது. நாணயக் கண்காட்சி ஒன்றில் வாங்கியது. சுமார் மூன்று சென்டிமீட்டர் அகலம். ஒரு பக்கம் இரண்டு சிங்கங்கள் தாங்கி நிற்கும் கேடயம், அடியில் 1808. மறுபக்கம் பாரசீக எழுத்து, அதற்குக் கீழே ரோமன் எண்ணில் 20, பக்கத்தில் ஆங்கிலத்தில் ‘கேஷ்’. கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்துக்காக பர்மிங்காமில் அடித்த நாணயம் இது. இந்த வகை நாணயங்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிய ‘அட்மிரல் கார்ட்னர்’ என்ற கப்பல் 1809 ஜனவரியில், இங்கிலாந்துக் கரையை விட்டு விலகுவதற்கு முன்பே, குட்வின் மணல்திட்டில் சிக்கி மூழ்கியது. 1980களில் முக்குளிப்பவர்கள் அள்ளிக்கொண்டு வந்தார்கள். என்னிடம் இருப்பதும் அப்படிக் கடலில் கிடந்ததுதான். விளிம்பில் விரலை ஓட்டினால் உப்பு அரித்த பள்ளங்கள் தட்டுப்படும்.

அந்தப் பாரசீக வாசகத்தைப் படிக்கத் தெரிந்த நண்பர் ஒருவர் படித்துச் சொன்னார்: ‘பீஸ்த் காஸ், சஹார் ஃபுலூஸ் அஸ்த்’. இருபது காசு நான்கு ஃபுலூஸ் (ஃபுலூஸ் என்பதும் செப்பு நாணயம்தான்). அதாவது ஆங்கிலத்தில் கேஷ் என்று இருக்கும் அதே சொல், அதே முகத்தில், சற்று மேலே, பாரசீகத்தில் ‘காஸ்’ என்று கிடக்கிறது. இதைவிடத் தெளிவாக ஒரு சான்று எனக்குக் கிடைத்ததில்லை.

சென்னைக் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். எங்கள் நாஞ்சில் நாடு 1949 வரை திருவிதாங்கூரோடு, பிறகு 1956 வரை திருவிதாங்கூர்–கொச்சியோடு இருந்த பகுதி. அங்கே கணக்கு வேறு: 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். எங்கள் ஆச்சி கடைசிவரை சந்தைக்குப் போய் வந்து ‘அன்றைக்கு நாலு சக்கரத்துக்கு வாங்கிய மீன்’ என்றுதான் விலைவாசியைத் திட்டுவாள்.

ஜூன் 4, மாலை

காலைக் குறிப்பில் ‘80 காசு ஒரு பணம்’ என்றதைப் படித்து ஒருவர் குழம்பியிருக்கிறார். அங்கே பணம் என்பது ஒரு தனி நாணயத்தின் பெயர். ஆங்கில ஆவணங்களில் ‘ஃபனம்’ என்று வருவது அதுதான். ப என்ற ஒலி ஃப ஆனதால் நம் பணத்தை நாமே அடையாளம் காண முடியாமல் போகிறது.

ஜூன் 6

கேஷைப் பற்றி இத்தனை சொன்ன பிறகு ‘கேஷியர்’ பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் இருபத்தாறு ஆண்டுகளாக மெய்ப்புத் திருத்துகிறவன். பெரும்பாலும் மொழிபெயர்ப்பு நூல்கள். ஒரு பதிப்பகத்துக்காக ஐரோப்பியப் போர் வரலாறு ஒன்றின் தமிழ் மெய்ப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். களத்தில் கோழைத்தனம் காட்டிய ஒரு படை அதிகாரி, அடுத்த வரியில் ‘காசாளராக நியமிக்கப்பட்டார்’. எனக்குக் கை நின்றுவிட்டது. ஓடிப்போனவனை யாராவது கல்லாவில் உட்கார வைப்பார்களா?

மூலத்தை எடுத்துப் பார்த்தேன். ‘கேஷியர்’ என்ற சொல் அங்கே வினைச்சொல்லாக இருந்தது. காசாளரைக் குறிக்கும் கேஷியர் பணப்பெட்டியின் வழியில் வந்தது. இந்த வினைச்சொல்லோ பிரெஞ்சில் ‘ரத்து செய், நீக்கு’ என்ற பொருளில் இருந்த ‘காஸே’, டச்சு மொழி வழியாக ஆங்கிலப் படைவீரர்களின் வாயில் ஏறி வந்தது. அவமானப்படுத்திப் பதவியைப் பறித்தல் என்று பொருள். எழுத்துக்கு எழுத்து இரண்டும் ஒன்றே. ‘பதவி பறிக்கப்பட்டது’ என்று திருத்தி அனுப்பினேன். மொழிபெயர்த்தவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்குத் தெரிந்த சொல்லாகத்தான் அது இருந்தது. தெரியாத சொல் என்றால் அகராதியைப் புரட்டியிருப்பார். தெரிந்த முகத்தோடு வரும் சொல்தான் ஆபத்து.

ஜூன் 7

‘கேஸ்’ என்று தமிழில் எழுதிப் பாருங்கள். மூன்று சொற்கள் வந்து நிற்கும்.

கோர்ட்டில் நடக்கும் கேஸ் லத்தீன் ‘காஸுஸ்’: விழுதல், நேர்ந்தது. ஒருவர் தலையில் வந்து விழுந்த விவகாரம் என்று நான் புரிந்துகொள்வேன். ‘இரண்டு கேஸ் சோடா இறக்கு’ என்கிறோமே, அந்தக் கேஸ் முதல் நாள் பார்த்த பெட்டி, ‘காப்ஸா’. மருந்துக் கடையில் வாங்கும் கேப்ஸ்யூலும் அதே குடும்பம், குட்டிப் பெட்டி. ஆக, கேஷும் சோடா கேஸும் கேப்ஸ்யூலும் உடன்பிறப்புகள், கோர்ட் கேஸ் அந்நியர்.

மூன்றாவது, அடுப்படியில் தீர்ந்துபோகும் கேஸ். இதற்கு ஊரே கிடையாது, ஒரு மனிதர் உட்கார்ந்து உண்டாக்கிய சொல். 17ஆம் நூற்றாண்டில், இன்றைய பெல்ஜியப் பகுதியில் வாழ்ந்த வான் ஹெல்மோன்ட் என்ற மருத்துவ அறிஞர், கிரேக்கத்தில் ஒழுங்கற்ற ஆதி வெளியைக் குறிக்கும் ‘கேயாஸ்’ என்ற சொல்லை மனத்தில் வைத்து இதை உருவாக்கினார். ஆங்கிலேயருக்கு முதல் எழுத்தே வேறு என்பதால் குழப்பம் இல்லை. க ஒன்றை வைத்து இரண்டு ஒலியையும் எழுதும் நமக்குத்தான் கூடுதல் வேலை.

இத்தனை பார்த்த பிறகு எனக்குத் தோன்றும் விதி: இரண்டு சொற்கள் ஒரே மாதிரி ஒலித்தால், வேர் வேறு என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 9

பட்டியலில் கறியும் இருக்கும் என்று ஒருவர் எழுதுகிறார். கறி உண்மையிலேயே நம்முடையது. ஹன்னா கிளாஸ் 1747இல் லண்டனில் வெளியிட்ட சமையல் நூலில் இந்தியப் பாணியில் ‘கறி’ வைக்கும் முறை இருக்கிறது. ஆனால் எனக்கு எழுதியவர் அதோடு நிற்கவில்லை: ஆங்கிலத்தில் ஒருவரைக் குளிர்வித்துக் காரியம் சாதிப்பதைக் ‘கறி ஃபேவர்’ என்கிறார்களே, விருந்து வைத்து மயக்குவதால்தானே அந்தப் பெயர் என்று கேட்கிறார். அழகான விளக்கம். ஆனால் அந்தத் தொடர் நம் கறி இங்கிலாந்துக்குப் போவதற்கு முன்பே அங்கே இருந்தது.

அந்தக் ‘கறி’ குதிரைக்கு மேல் தேய்த்துவிடுவது. பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த ஒரு பிரெஞ்சுக் கவிதையில் ஃபோவெல் என்ற வஞ்சகக் குதிரை வருகிறது. பெரிய மனிதர்கள் எல்லாம் வரிசையில் நின்று அதன் உடம்பைத் தேய்த்துவிடுகிறார்கள், சலுகை கிடைக்கும் என்று. ‘ஃபோவெலைத் தேய்த்தல்’ என்பதே முகத்துதிக்குப் பெயராயிற்று. காலப்போக்கில் குதிரையை மறந்துவிட்ட ஆங்கிலேயர், ஃபோவெலைத் தங்களுக்குத் தெரிந்த ‘ஃபேவர்’ ஆக்கிக்கொண்டார்கள்.

நம் ‘காக்கா பிடித்தல்’ நினைவுக்கு வருகிறதா? ‘கால் கை பிடித்தல்’தான் தேய்ந்து காக்கா ஆயிற்று என்று விளக்கம் சொல்வார்கள். அங்கே ஒரு குதிரை காணாமல் போனது, இங்கே ஒரு காகம் பறந்து வந்து உட்கார்ந்தது. நடுவில் பிடித்துவிடுவதும் தேய்த்துவிடுவதும் மட்டும் இரு நாட்டிலும் அப்படியே இருக்கின்றன.

ஜூன் 12

அந்தப் பட்டியலின் மற்றச் சொற்களையும் தொடாமல் நழுவுகிறேன் என்று ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். தமிழ்ப் பற்று இல்லை என்றும் சொல்கிறார். அதனால் நேராகச் சொல்கிறேன்.

எட்டு. இதன் வேரைத் தேட இங்கிலாந்துக்குப் போக வேண்டாம், எண்பதையும் எண்ணூறையும் பாருங்கள். அடி ‘எண்’. கன்னடத்தில் எண்டு, தெலுங்கில் எனிமிதி. மூக்கொலி எல்லா வீட்டிலும் இருக்கிறது. இனி ஆங்கில எய்ட்டைப் பாருங்கள். அதன் எழுத்துக்கூட்டலில் ஒலிக்காத ஜியும் எச்சும் ஏன் உட்கார்ந்திருக்கின்றன? ஒரு காலத்தில் அங்கே தொண்டையொலி ஒன்று இருந்தது. ஜெர்மன் ‘அக்ட்’டில் இன்றும் இருக்கிறது. லத்தீன் ‘ஆக்டோ’, வடமொழி ‘அஷ்ட’ எல்லாம் அதே குடும்பம். பின்னால் போகப் போக நம்முடையது ண்-ஐ நோக்கிப் போகிறது, அவர்களுடையது க்-ஐ நோக்கிப் போகிறது. இன்றைக்கு ஒரே தெருவில் எதிர்ப்பட்ட இருவரை, முகம் ஒத்திருப்பதால் அண்ணன் தம்பி என்கிறோம். அவர்கள் நடந்துவந்த பாதையைத் திரும்பிப் பார்த்தால் ஒருவர் கிழக்கிலிருந்து வருகிறார், மற்றவர் மேற்கிலிருந்து.

ஒன்று–ஒன்னும் அப்படியே. ஆங்கில ஒன்னின் தொடக்கத்தில் இப்போது கேட்கும் உதடு குவியும் ஒலி பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டது. பழைய ஆங்கிலத்தில் அது ‘ஆன்’. ‘ஒன்லி’, ‘அலோன்’ என்ற சொற்களுக்குள் இருப்பதும் அதே ஒன்தான், ஒட்டிக்கொண்ட ஒலி இல்லாமல். கில் பற்றி ஆங்கில அகராதிகளே உறுதியாக ஒன்றும் சொல்வதில்லை. அவர்களுக்கே பட்டா இல்லாத நிலத்தில் நாம் போய் வேலி போட வேண்டுமா?

பற்று இல்லாமல் இதைச் சொல்லவில்லை. கட்டுமரம் ‘கேட்டமரான்’ ஆகியிருக்கிறது. சுருட்டு ‘செரூட்’ ஆகியிருக்கிறது. அணைக்கட்டு ‘அனிகட்’ என்று பாசனப் பொறியாளர்களின் ஆவணங்களில் ஏறியிருக்கிறது. குருந்தம் ‘கொரண்டம்’ என்று கனிமவியலில் நிற்கிறது. இவை யாரும் மறுக்க முடியாத சொத்து. இவற்றோடு எட்டையும் கொல்லையும் சேர்த்துக் கட்டினால், கேட்பவர் எட்டைப் பொய் என்று கண்டுபிடித்த அன்றே கட்டுமரத்தையும் சேர்த்துத் தூக்கி எறிந்துவிடுவார். எனக்குப் பொறுக்காதது அதுதான்.

ஜூன் 15

ஜூன் 7ஆம் தேதி நான் சொன்ன விதியைத் திரும்பப் பெறுகிறேன். ‘ஒரே மாதிரி ஒலித்தால் வேர் வேறு’ என்பது தவறு.

ஒரு வாசகர் ஸ்டேஷனரியைக் கேட்டார். எழுதுபொருள் ஒன்று, நகராமல் நிற்பது இன்னொன்று. எழுத்துக்கூட்டலில் ஒரே ஓர் எழுத்துதான் வேறுபாடு: முன்னதில் ஈ, பின்னதில் ஏ. நம் ஊர்களில் நோட்டு, பேனா விற்கும் கடைப் பலகைகளில் பாதிக்கு மேல் ஏ எழுத்தோடுதான் இருக்கும். எங்கள் தெரு முனைக் கடைக்காரரிடம் ‘அண்ணாச்சி, உங்கள் பலகையின்படி உங்கள் கடை நகராத கடை’ என்று ஒருமுறை சொன்னேன். அவர் பென்சிலைக் காதில் செருகியபடி, ‘பின்னே, நகர்ந்தா போகும்? முப்பது வருஷமாக இங்கேதானே இருக்கிறது’ என்றார்.

வேரைத் தேடிப் பார்த்தபோது அண்ணாச்சி சொன்னதே வரலாறு என்று தெரிந்தது. இடைக்கால ஐரோப்பாவில் பெரும்பாலான வணிகர்கள் தலைச்சுமையாகத் திரிந்து விற்றார்கள். பல்கலைக்கழக ஊர்களில் புத்தகம் விற்றவர்கள் மட்டும் ஓர் இடத்தில் நிலையாகக் கடை போட்டார்கள். நிலையாக நிற்பவர் என்பதால் லத்தீனில் ‘ஸ்டாட்சியோனாரியுஸ்’. அவர் விற்கும் பொருள் ஸ்டேஷனரி. லண்டனில் அவர்களுடைய சங்கத்துக்கு 1557இல் அரச சாசனமே கிடைத்தது. இரண்டு சொற்களும் ஒரே வேர்.

‘ஃப்ளவர்’ இன்னொன்று. பூவுக்கும் ஃப்ளவர், மாவுக்கும் ஃப்ளவர். எழுத்துக்கூட்டலை இப்போது பிரித்துவிட்டார்கள், ஆனால் பிறந்தது ஒரே சொல்லாகத்தான். அரைத்ததில் சலித்தெடுத்த நைசான பகுதி மாவின் ‘பூ’. வீட்டில் தேங்காயைத் துருவிவிட்டுத் தேங்காய்ப்பூ என்கிறோம் அல்லவா? அந்தக் கண்தான் அங்கேயும் பார்த்திருக்கிறது.

ஆகவே விதி எதுவும் வேண்டாம். ஒவ்வொரு சொல்லிடமும் தனித்தனியாகத்தான் ஊரைக் கேட்க வேண்டும்.

ஜூன் 18

போன வாரம் மிக்ஸி பழுதாகி அட்டைப்பெட்டியைத் தேடி எடுத்தேன். ஒரு பக்கம் வாரண்டி இரண்டு ஆண்டு, மோட்டாருக்குக் கியாரண்டி ஐந்து ஆண்டு. இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று கடைக்காரர் விளக்கினார், சட்டத்திலும் வேறுபாடு உண்டு. ஆனால் சொல்லாகப் பார்த்தால் ஒரே விதையில் முளைத்தவை.

பழைய ஜெர்மானியச் சொற்களில் தொடக்கத்தில் இருந்த ‘வ’ ஒலி பிரான்சுக்குப் போனபோது, வடக்கே நார்மண்டியில் வ ஆகவே நின்றது, நடுப் பிரான்சில் ‘க’ ஆயிற்று. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபோது வ வகை போனது. பிறகு பாரிஸ் பிரெஞ்சின் செல்வாக்கில் க வகையும் போனது. அதனால் ஆங்கிலத்தில் இரட்டை இரட்டையாக நிற்கின்றன: வாரண்டி–கியாரண்டி, வார்டு–கார்டு (காவலாளி), வார்டன்–கார்டியன். ஆங்கிலேயர் வில்லியம் என்று அழைக்கும் பெயர் பிரெஞ்சில் கியோம் ஆனதும் இதே கணக்கு. விடுதி வார்டனும் பள்ளிப் படிவத்தில் கையெழுத்துப் போடும் கார்டியனும் ஒரே சொல் என்று எனக்குத் தெரிந்த அன்று இரவு வெகுநேரம் தூங்கவில்லை.

ஜூன் 19

நேற்றைய வ–க கணக்கில் மிக முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன். ‘வார்’, போர். நார்மன் பிரெஞ்சில் ‘வெர்’, பாரிசில் ‘கெர்’, ஸ்பெயினில் ‘கெர்ரா’. நெப்போலியனின் படைக்கு எதிராக 1808 முதல் 1814 வரை ஸ்பெயின் மக்கள் மறைந்திருந்து நடத்திய சிறு சிறு தாக்குதல்களுக்கு ‘கெரில்லா’, அதாவது குட்டிப் போர், என்று பெயர் விழுந்தது. அந்தச் சமயத்தில்தான் ஆங்கிலம் அதை எடுத்துக்கொண்டது.

நம் செய்தித்தாள்களில் இதைக் ‘கொரில்லாப் போர்’ என்று எழுதுகிறார்கள். எத்தனை முறை திருத்தியிருப்பேன் என்று கணக்கே இல்லை. கொரில்லா குரங்கு. கார்த்தேஜ் நாட்டுக் கடலோடி ஹன்னோ ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் பார்த்ததாகச் சொன்ன ரோமம் அடர்ந்த உயிர்களின் பெயர் கிரேக்க ஏட்டில் இருந்தது. 1847இல் தாமஸ் சாவேஜ் என்ற அமெரிக்க மிஷனரி அதை எடுத்து, புதிதாக அறியவந்த வாலில்லாக் குரங்குக்கு வைத்தார். இதற்கும் போருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. காட்டில் மறைந்து சண்டையிடுவதால் குரங்கின் பெயர் வந்தது என்று ஒரு மாணவர் என்னிடமே விளக்கம் சொன்னார். ஓர் எழுத்துப் பிழை ஒரு பொய்க் கதையைப் பெற்றெடுத்துவிட்டது.

இன்னொன்று: கெரில்லா என்பதே குட்டிப் போர் என்றால், ‘கெரில்லாப் போர்’ நம் ‘கேட்டு வாசல்’ மாதிரிதான். அதை நான் திருத்துவதில்லை. வழக்கில் ஊன்றிவிட்டது.

ஜூன் 22

ஒருவர் கவுன்சிலரா, கவுன்சலரா என்று கேட்கிறார். இதில் என் சொந்தத் தவறு ஒன்று இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியின் பெற்றோர் கூட்டத்துக்கு அறிவிப்பு எழுதிக் கொடுத்தேன். தேர்வு பயத்தைப் பற்றிப் பேச ஒரு மனநல ஆலோசகர் வருவதாக இருந்தது. ‘கவுன்சிலர் வருகிறார், பெற்றோர் தங்கள் குறைகளை நேரில் சொல்லலாம்’ என்று எழுதிவிட்டேன். கூட்டத்துக்குப் பிள்ளைகளின் பெற்றோரைவிடத் தெருக்காரர்கள் அதிகம். தண்ணீர் வராத தெரு, எரியாத விளக்கு, அள்ளாத குப்பை என்று மனுக்களோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பாட்டி முதியோர் உதவித்தொகைக்கான தாள்களை மஞ்சள் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் இருந்தார். ஆலோசகர் பொறுமையாக அத்தனை பேரையும் கேட்டார். பாட்டியிடம் நான் போய் விளக்கிச் சொன்னபோது அவர் முகம் வாடியதை இன்றும் மறக்கவில்லை.

வார்டு உறுப்பினர் ‘கவுன்சில்’ என்ற சபையைச் சேர்ந்தவர். லத்தீனில் ‘கொன்கிலியும்’, கூட்டி அழைத்தது. அறிவுரை சொல்பவர் ‘கவுன்சல்’, லத்தீனில் ‘கொன்சிலியும்’, கலந்து யோசித்தல். இடைக்காலத்திலேயே ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிட்டதால் அவர்களே தடுமாறுவார்கள். பொறியியல் சேர்க்கைக்குக் ‘கலந்தாய்வு’ என்று தமிழில் பெயர் வைத்தவர் எவரோ, அவர் சரியான வேரைப் பிடித்திருக்கிறார்.

ஜூன் 23

‘ஐல்’, ‘ஐலண்ட்’ இரண்டும் ஒன்றுதானே என்றால், இல்லை. ஐல் லத்தீன் ‘இன்சுலா’. ஐலண்ட் பழைய ஆங்கிலச் சொந்தச் சொல், நீர் சூழ்ந்த நிலம், அதில் எஸ் எழுத்தே கிடையாது. ஐலைப் பார்த்து இதற்கும் ஓர் எஸ் இருக்க வேண்டும் என்று 15, 16ஆம் நூற்றாண்டுகளில் செருகிவிட்டார்கள். பள்ளியில் அந்த எஸ்ஸை ஒலித்ததற்காகக் குட்டு வாங்கிய எல்லாப் பிள்ளைகளுக்காகவும் இதை எழுதுகிறேன்.

ஜூன் 27

இந்தக் குறிப்பு நீளும்.

களியக்காவிளை செக்போஸ்ட்டில் பஸ் நின்றது. என் சட்டைப்பையில் வங்கியில் போட வேண்டிய செக். பக்கத்து இருக்கைப் பையன் கைப்பேசியில் செஸ் விளையாடிக்கொண்டு ‘செக்’ என்றான். அவன் போட்டிருந்தது கட்டம் போட்ட செக் சட்டை. நான்கும் ஒரே சொல் என்று அவனிடம் சொன்னேன், அவன் நம்பவில்லை.

எல்லாவற்றுக்கும் மூலம் பாரசீக ‘ஷா’, அரசன். ஆட்டத்தில் அரசனுக்கு ஆபத்து என்று அறிவிக்க ‘ஷா!’ என்றார்கள். அரபியர் வழியாக ஐரோப்பா போய், பழைய பிரெஞ்சில் ‘எஷெக்’ ஆயிற்று, ஆங்கிலத்தில் ‘செக்’. அதன் பன்மைதான் ‘செஸ்’. அரசனை மடக்குவதால் மடக்குதல், தடுத்தல், தடுத்து நிறுத்திச் சரிபார்த்தல் என்று பொருள் விரிந்தது. அதுதான் செக்போஸ்ட். மோசடியைச் சரிபார்க்க வைத்துக்கொண்ட அடிக்கட்டைத் தாளிலிருந்து வங்கிச் செக். சதுரங்கப் பலகையின் கட்டங்களிலிருந்து சட்டை. இங்கிலாந்தின் கருவூலத்துக்கே ‘எக்ஸ்செக்கர்’ என்று பெயர், ஏனென்றால் 12ஆம் நூற்றாண்டில் கட்டம் போட்ட துணியை மேசைமேல் விரித்து, காய்களை நகர்த்தி வரிக்கணக்குப் பார்த்தார்கள்.

வரி என்றதும் ‘கல்வி செஸ்’ நினைவுக்கு வரும். அது இந்தக் குடும்பம் அல்ல. மதிப்பிடுதல் என்ற பொருளுள்ள ‘அசெஸ்’ தலையை இழந்து நிற்கிறது. நம் எண்ணெய்ச் செக்கும் தனி. அது நம் ஊர் மரத்தில் நம் ஊர் மாடு சுற்றியது.

ஜூன் 30

மாணவருக்கும் ‘ப்யூப்பில்’, கண்மணிக்கும் ‘ப்யூப்பில்’. வேர் வேறு என்றுதான் நானும் வெகுகாலம் நம்பியிருந்தேன். ஒன்றுதான். லத்தீன் ‘பூப்பா’ என்றால் சிறுமி, பொம்மை. ‘பூப்பில்லா’ அதன் சிறு வடிவம். பெற்றோர் இல்லாமல் பிறர் பொறுப்பில் வளரும் பிள்ளைக்கு அந்தப் பெயர் வந்து, பிறகு மாணவரானது. கண்ணுக்கு ஏன்? எதிரே நிற்பவரின் கண்ணுக்குள் உற்றுப் பாருங்கள். உங்கள் உருவமே ஒரு குட்டிப் பொம்மையாகத் தெரியும்.

இதைப் படித்த கணத்தில் எனக்குள் ஒரு மணி அடித்தது. பாவை. பொம்மைக்கும் பாவை, பெண்ணுக்கும் பாவை, கண்மணிக்கும் பாவை. குறள் 1123இல் தலைவன் ‘கருமணியிற் பாவாய்’ என்று விளித்து, நீ போய்விடு, என் காதலி இருக்க இடம் வேண்டும் என்கிறான். கிரேக்கத்திலும் ‘கோரே’ என்றால் பெண், கண்மணி. ஆங்கிலப் ‘பப்பெட்’டும் பூப்பாவின் வழிதான். அதுவும் எங்கள் பக்கத்துத் தோற்பாவைக்கூத்தும் பொம்மையில் ஒன்றுபடுகின்றன. ஓசையில் ப வும் ஒத்துவருகிறது. யாராவது இதைப் பட்டியலில் சேர்த்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது, ஆகவே சொல்லிவிடுகிறேன்: பூப்பாவும் பாவையும் உறவு அல்ல. மூன்று ஊர்களில் மூன்று பேர் மற்றவர் கண்ணுக்குள் அவ்வளவு நெருக்கமாகப் பார்த்திருக்கிறார்கள்.

ஜூலை 3

மகள் பேச்சை மாற்றி எழுதிவிட்டாள் என்று கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். எட்டையும் ஒன்றையும் எடுத்துவிட்டாள். கட்டுமரம், சுருட்டு, அணைக்கட்டு நிற்கின்றன. கேஷில் இரண்டு உண்டு என்று சொல்லப்போகிறாளாம். ஆசிரியையும் அடித்த இடத்தில் தாமே சரி என்று குறி போட்டுவிட்டாராம். நாணயத்தின் படம் கேட்டாள்.

இரண்டு பக்கமும் எடுத்து அனுப்பியிருக்கிறேன். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்து எடுத்தது, அதனால் தேய்ந்த எழுத்தும் தெரியும். பின்பக்கப் படத்தில் ‘கேஷ்’ என்ற ஆங்கில எழுத்துக்கு நேர் மேலே பாரசீக வாசகம் இருக்கிறது. அதை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். ‘காஸ்’ இருக்கும் இடத்தைச் சிவப்பில் வட்டமிட்டிருக்கிறேன். மேடையில் படத்தைத் தலைகீழாகப் பிடித்துவிடாமல் இருக்கச் சொல்லுங்கள், சிங்கங்கள் நிமிர்ந்து நிற்க வேண்டும்.